மாற்றுக் குறைந்த காசு

ரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று பேச்செடுத்தால் இரண்டே பதில்தான் வருகிறது. வடக்கிலிருந்து காட்டுமிராண்டிகள் வந்து அடித்து நொறுக்கினார்கள். இல்லையென்றால், குடியும் கூத்தும் கூடி ஒழுக்கம் கெட்டுப்போனது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. தங்கவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். என் கண் முதலில் அவர்களுடைய காசின்மேல்தான் போகிறது.

அப்பாவின் பட்டறைக்கு யார் நகை கொண்டுவந்தாலும் முதலில் உரைகல்லில் ஒரு இழைப்பு. கோட்டின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு. "செம்பு கலக்குறது தப்பில்லடா, கலக்காம நகை நிக்காது. எவ்வளவு கலந்தோம்னு மறைக்கிறதுதான் திருட்டு" என்பார்.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் தெனாரியஸ் என்ற அவர்களுடைய வெள்ளிக்காசு கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ அதன் எடையையும் குறைத்தார், மாற்றையும், அதாவது வெள்ளியின் சுத்தத்தையும், குறைத்தார். நம் வணிகர்களுக்கு அது உடனே தெரிந்திருக்க வேண்டும். கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ கைவைத்த பிறகு அடித்த வெள்ளிக்காசு இந்தியாவில் அபூர்வம். மிளகு கொடுத்தவர்கள் காசில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியைப் பார்த்தார்கள்.

ரோமுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. 165-இல் தொடங்கிய கொள்ளைநோயில் சனம் செத்து வரி வரவு குறைந்தது. 193-இல் அரண்மனைக் காவல்படை பேரரசர் பதவியையே ஏலம் விட்டது. அதன் பிறகு படையின் தயவில் பட்டத்துக்கு வந்த செப்டிமியஸ் செவெரஸ் படைக்குச் சம்பளம் கூட்டினார். காசில் பாதிக்குப் பாதி கலப்பு. அவர் மகன் கரகல்லா 215-இல் இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று ஒரு புதுக்காசு விட்டார். அதில் இருந்ததோ ஒன்றரைக் காசின் வெள்ளி. பின்னால் வந்த பேரரசர் கல்லியேனஸ் ஆட்சியின் கடைசியில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

புதுசில் அதுவும் வெள்ளியாகத்தான் மின்னும். மேலே மெல்லிய பூச்சு. நாலு கை மாறினால் பேரரசரின் மூக்கிலும் கன்னத்திலும் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

260-இல் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊரில் எழுதிய ஓர் ஆணை பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. காசு மாற்றுபவர்கள் பேரரசரின் காசை வாங்க மனமில்லாமல் கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திற, கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்கு, இல்லாவிட்டால் தண்டனை என்கிறார் அதிகாரி. அதே ஆண்டுவாக்கில் பேரரசர் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சாத்திய கடைதான் பெரிய தோல்வியாகப் படுகிறது. போகப்போக அரசாங்கமே தான் அடித்த காசை நம்பாமல் வரியைத் தானியமாகவும் துணியாகவும் வாங்கியது. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்டங்களுக்கும் கூலிகளுக்கும் விலை கட்டி, மீறினால் மரண தண்டனை என்றார். சரக்கு சந்தையிலிருந்து மறைந்ததுதான் மிச்சம்.

அவருக்குப் பின் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்து சரிசெய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார். ஒரு ரோம ராத்தலுக்கு 72 தங்கக்காசு. அந்த மாற்று கிழக்குத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் ஏறத்தாழ 700 ஆண்டு குறையவில்லை. அதை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது. ஆனால் அந்தத் தங்கம் போய்ச் சேர்ந்தது படைத்தலைவர்களிடமும் அதிகாரிகளிடமும் பெருநிலக்காரர்களிடமும். சந்தையில் கீரை விற்றவளின் சுருக்குப்பையில் இருந்தது செம்புக்காசு. அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே போனது.

410-இல் படையெடுத்து வந்த கோத்து என்ற ஜெர்மானிய இனத்தாருக்கு ரோம் நகரின் சலாரியன் வாசலை உள்ளே இருந்தவர்களே திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன்.