5 கிகாஹெர்ட்ஸ் எல்லா வீட்டுக்கும் சரிவராது
'வைஃபை மெதுவாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்' என்று வைஃபை பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வீட்டு ரூட்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அலைவரிசைகள் இரண்டு: 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர். ஹாலில் ரூட்டர் இருந்தால் பக்கத்து அறையில் ஒரே ஒரு சிக்னல் கோடு, சமையலறையில் சுத்தமாகக் கிடையாது. அதிர்வெண் கூடினால் சுவரைத் தாண்டும்போது அலை அதிகம் தேய்ந்துபோகும். சரி என்று 2.4-க்கே திரும்பி, எந்த ரூட்டர் எந்தச் சேனலில் (அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட பகுதி) இருக்கிறது என்று காட்டும் வைஃபை அனலைசர் செயலியைப் போனில் போட்டுப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பாதி சேனல் 1-ல், மீதி 6-ல். என்னுடையது நடுவில் 3-ல்! சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒவ்வொன்றும் அடைக்கும் அகலம் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் 3-ல் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் நம் தலையில்தான். ஒன்றையொன்று உரசாமல் இருக்க 1, 6, 11 என்று வைப்பதுதான் வழக்கம். 11-க்கு மாற்றி, டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரூட்டரை மர அலமாரி மேல் ஏற்றினேன். இப்போது சமையலறையிலும் வீடியோ ஓடுகிறது. மைக்ரோவேவ் சுற்றும்போது மட்டும் திக்கும், மைக்ரோவேவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது. கட்டுரையின் கருத்துப் பகுதியில் ஒருவர் 'பலர் ஒரே சேனலில் இருந்தால் மோசமில்லையா' என்று கேட்டிருக்கிறார். ஒரே சேனல் என்றால் ஒரு ரூட்டர் பேசும்போது மற்றது காத்திருக்கும்; நம் சேனலின் மேல் பாதி ஏறி நிற்கும் வேறு சேனல் வெறும் இரைச்சல், அப்புறம் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.