அது முத்தத்துக்கான தடை அல்ல

‘கர்க்கும் உஹுராவும் முத்தமிட்டதால் பிபிசி அந்த ஸ்டார் டிரெக் அத்தியாயத்தைத் தடைசெய்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். (ஸ்டார் டிரெக் ஓர் அமெரிக்க விண்வெளித் தொடர்; கர்க் அதில் வெள்ளையினக் கேப்டன், உஹுரா கறுப்பினப் பெண் அதிகாரி.) ஒளிபரப்பாமல் வைத்திருந்தது உண்மை, காரணம்தான் தவறு. பிபிசி ஒதுக்கியது ஒன்றை அல்ல, நான்கு அத்தியாயங்களை. மனநோய், சித்திரவதை, குரூரம், கொள்ளைநோய் ஆகியவற்றைக் காட்டுகின்றன என்பதே அது சொன்ன விளக்கம். அவற்றில் ‘மிரி’ 1970இல் ஒருமுறை ஒளிபரப்பாகி, புகார்கள் வந்தபின் முடக்கப்பட்டது. மற்ற மூன்றும் 1990கள் வரை பிபிசியில் வரவேயில்லை.

நீங்கள் சொல்லும் ‘பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்’ கதையில், மனோசக்தி படைத்தவர்கள் விண்கப்பல்காரர்களைப் பொம்மைகளாக ஆட்டிவைத்து அவமானப்படுத்துகிறார்கள். சாட்டையும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும்கூட வருகின்றன. அந்த முத்தமே வற்புறுத்தலால் நடப்பது! முத்தம்தான் காரணம் என்றால், அந்த நான்கில் இன்னொன்றான ‘தி எம்பாத்’ ஏன் ஒதுக்கப்பட்டது? அதில் இருப்பது சித்திரவதைதானே.

முத்தத்தைக் கண்டு நடுங்கியது, தொடரை ஒளிபரப்பிய அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி. வெள்ளையரும் கறுப்பரும் முத்தமிடுவதற்குத் தென்மாநில நிலையங்கள் என்ன சொல்லுமோ என்ற கவலை அதற்கு. ஆனாலும் 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பிவிட்டது. இரண்டு கதைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். பிபிசியின் முடிவு எனக்கும் அபத்தமாகத்தான் படுகிறது, அது வேறு விஷயம்.