பால்மெய்ராஸின் புனிதர்

2002 உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றதும் எல்லோரும் ரொனால்டோவின் இரண்டு கோல்களைச் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதற்கு முந்தைய ஒரு நொடி. இடைவேளை முடிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன, 0-0. ஜெர்மனியின் நியூவில் வெகு தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். மார்கோஸ் பாய்ந்தார். விரல் நுனி பட்ட பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. அந்த உலகக் கோப்பையின் ஏழு ஆட்டங்களிலும் பிரேசில் கோலைக் காத்தவர் அவர்தான். வாங்கியது மொத்தம் 4 கோல்.

பிரேசில் தன் கோல்கீப்பர்களை லேசில் மன்னிக்கிற நாடு இல்லை. 1950 உலகக் கோப்பையில், மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்ற பழியைக் கோல்கீப்பர் பார்போசா சாகும்வரை சுமந்தார். 2000 ஏப்ரலில் அவர் இறந்தார். ஜூனில், அதே நாட்டில், இன்னொரு கோல்கீப்பரைக் கொண்டாடித் தீர்த்தார்கள். தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபெர்தடோரஸ் கோப்பையின் அரையிறுதி, மார்கோஸின் கிளப்பான பால்மெய்ராஸுக்கு எதிரே பரம எதிரி கொரிந்தியன்ஸ், பெனால்டி ஷூட்டவுட். கடைசிப் பெனால்டியை அடிக்க வந்தவர் மார்செலினோ. 'தேவதைக் கால்' என்பது அவருக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர். அந்தக் கால் அடித்த பந்தை மார்கோஸ் தடுத்தார். பால்மெய்ராஸ்காரர்கள் அவரைப் 'புனித மார்கோஸ்' என்கிறார்கள். இன்று வரைக்கும் அப்படித்தான்.

இவ்வளவுக்கும் அவர் தவறே செய்யாதவர் இல்லை. 1999 நவம்பரில் டோக்கியோவில், ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் கோப்பைக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆட்டம். கிக்ஸ் தூக்கிப்போட்ட பந்தை எட்ட முன்னே வந்தார், எட்டவில்லை. பின்னால் நின்ற ராய் கீன் சும்மா தட்டி உள்ளே போட்டார். 1-0, கோப்பை போச்சு. பார்போசாவுக்கு நடந்தது இவருக்கும் நடந்திருக்கலாம். நடக்கவில்லை.

ஏன் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். எனக்குப் பதில் 2003இல் கிடைக்கிறது. அவர் உலகக் கோப்பை வென்ற அதே 2002இன் கடைசியில் பால்மெய்ராஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஆர்செனல் அவரைக் கேட்டது. லண்டன் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். உலக சாம்பியன் கோல்கீப்பர், 2003இல் இரண்டாம் டிவிஷன் மைதானங்களில் ஆடினார். பால்மெய்ராஸ் அதில் முதலிடம் பிடித்து மேலே வந்தது. இப்படி ஒருவரை எந்த ஊர் மறக்கும்?

சரி, ரொஜேரியோ செனி இல்லையா என்று கேட்பீர்கள். சாவ் பாவ்லோ கிளப்புக்காக 131 கோல் அடித்த கோல்கீப்பர், சாதனைக் கணக்கில் அவர் பக்கத்தில் யாருமே நிற்க முடியாது. ஆனால் செனியை நேசிப்பவர்கள் பெரும்பாலும் சாவ் பாவ்லோக்காரர்கள். மார்கோஸைப் பற்றி எதிரணி ரசிகர்கள்கூடப் பாசமாகப் பேசுவார்கள். எனக்கு அதுதான் பெரிய சாதனை.

தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த காலமெல்லாம் ஒரே கிளப். 500க்கு மேற்பட்ட ஆட்டங்கள், 12ஆம் எண் சட்டை, உடம்பெல்லாம் காயம். 2012 ஜனவரியில் ஓய்வு. அந்த ஆண்டு நவம்பரில் பால்மெய்ராஸ் மறுபடியும் இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தது. அடுத்த மாதமே பக்கயெம்பு மைதானத்தில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம். 1999 பால்மெய்ராஸ் அணியும் 2002 பிரேசில் அணியும் மோதின. அவ்வளவு சோகத்திலும் திரண்டு வந்த கூட்டத்தின் முன்னால், பெனால்டி அடிக்க மார்கோஸே நடந்து போனார். கோல்.