அம்மா நடிக்கவில்லை

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அதன் வீடியோவுக்குக் கீழே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போடுவதைக் கண்டபின் முடியவில்லை.

மறதிநோய் உள்ளவர்களைப் பற்றி மைக் பிடித்த பெரியவர் ஒருவர் சொன்னது இதுதான். "தேவாரம் மறக்காதாம், அறுபது வருசத்துக்கு முந்தின சண்டை மறக்காதாம், காலமை சாப்பிட்டது மட்டும் மறந்துபோமாம். நல்ல நடிப்பு!" மண்டபமே சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த என் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

ஐயா, அது நடிப்பில்லை. அதுதான் அல்சைமர் என்கிற மறதிநோய். அம்மாவுக்கும் அதுதான்.

அல்சைமரில் எல்லா ஞாபகமும் ஒரேயடியாக அழிவதில்லை. புதிதாக நடப்பதைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. மூளையின் மற்றப் பகுதிகளோடு அதற்கிருக்கும் தொடர்புகளும் தளர்கின்றன. நாம் சும்மா இருக்கும்போது பழசை அசைபோடுகிற வலையமைப்பு ஒன்று மூளையில் உண்டு. மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்கலின் குழு அதை 2001இல் விவரித்தது. இந்த நோய் முதலில் குலைக்கிறவற்றில் அதுவும் ஒன்று. சின்ன வயதிலிருந்து பாடிய தேவாரமோ வேறு வழிகளில் ஊறிக் கிடக்கிறது. காலி வீதி அடைபட்டால் கடற்கரையோர மரைன் டிரைவால் போவதில்லையா? மரைன் டிரைவும் ஒருநாள் அடைபடும், அது வேறு கதை.

அம்மா 34 வருடம் கணக்குப் படிப்பித்தவர். பதினாறாம் வாய்ப்பாடு இன்றும் பிசகாது. ஆனால் கோப்பை கையில் இருக்கும்போதே "எனக்கு ஒருதரும் தேத்தண்ணி தரேல்லை" என்பார். முதல் ஆறு மாதம் நானும் கத்தினேன். ஒருநாள் அந்தக் கோப்பையைத் தூக்கிக் காட்டி வாதாடியும் இருக்கிறேன். ஐயாவைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சரி. நான் மைக் பிடித்துச் சொல்லவில்லையே.

"மூளைக்கு வேலை குடுத்திருந்தால் வந்திராது." இது இன்பொக்ஸில் வந்த ஞானம். நடை, இரத்த அழுத்தம், காது கேளாமை எல்லாம் முக்கியம்தான். 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்னது. மிச்சம் எத்தனை வீதம் என்று அம்மாவிடம் கேளுங்கள், உடனே சொல்வார். நிறையப் படித்த மூளை மாற்றுவழி பிடித்து நோயைக் கனநாள் மறைத்துவைக்கும். வெளியே தெரியும்போது பிந்திவிடும். வேலை குடுத்தவருக்கும் வரும், தம்பி.

"பகிடியைப் பகிடியா எடுங்கோ." எடுக்கலாம். அலொய்ஸ் அல்சைமர் 1906இலேயே மருத்துவர்கள் முன் வைத்த நோய் இது. நமக்கு இன்னும் பகிடி.

"அவவுக்கு அது மறந்திருக்குமே, நீ ஏன் கொதிக்கிறாய்" என்றார் ஒரு மாமி. மறந்துவிட்டார்தான். ஓட்டோ பம்பலப்பிட்டி தாண்டுமுன்னே "எங்கை போட்டு வாறம்?" என்று கேட்டார். ஆனால் நடந்தது மறந்தபிறகும் அது கிளப்பிய கவலை அல்சைமர் உள்ளவர்களிடம் தங்கி நிற்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள், மாமி. அன்றிரவு அம்மா இடியப்பத்தைத் தள்ளிவைத்தார். ஏனம்மா என்றேன்.

"தெரியேல்லை. மனம் ஒரு மாதிரிக் கிடக்கு."