வெறும் ட்ரைபாடிலும் நெபுலா சிக்கும்

வானம் நகர்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் டிராக்கிங் மவுண்ட் இல்லாமல் நெபுலாவை, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகத்தைப் படம் எடுக்கவே முடியாது என்று இரவு வானம் பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஏலகிரியில் வெறும் ட்ரைபாடில் பழைய டிஎஸ்எல்ஆரையும் 50 மிமீ லென்ஸையும் வைத்து ஓரையன் நெபுலாவை எடுத்திருக்கிறேன். ஒரு படத்துக்கு 5 வினாடிதான், அதைத் தாண்டினால் பூமி சுழல்வதில் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபட்டுவிடும், அதனால் 5 வினாடிப் படங்களாக 200 எடுத்து டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற மென்பொருளில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மங்கலான இளஞ்சிவப்பில் சிறகு விரித்த மாதிரி வந்தது. கடைசி 60 படம் வீண். மார்கழிப் பனி லென்ஸில் படிந்ததை நான் கவனிக்கவே இல்லை!

அப்புறம், அந்த நிறத்தைத் தொலைநோக்கியில் தேடி ஏமாறாதீர்கள். அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, சாம்பல் புகைபோலத்தான் தெரியும்.

நட்சத்திரக் கொத்துகளில் கார்த்திகையை எல்லோரும் காட்டுகிறார்கள், சரி. ஒமேகா சென்டாரி என்ற கொத்தை ஏன் விட்டீர்கள்? லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கோ மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 17,000 ஒளியாண்டு தொலைவு, ஆனாலும் இருட்டான ஊரில் 10x50 பைனாகுலரில் பஞ்சு உருண்டை மாதிரி பளிச்சென்று தெரியும்.