வன்னி வெயிலில் ஒற்றை முள் மணிக்கூடு

பெரிய கம்பனிகளை விட்டு, சிறு தனி நிறுவனங்களின் மணிக்கூடு வாங்க ஆசைப்படும் வன்னிப் பெடியளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. முகம் எவ்வளவு புதினமாகவும் இருக்கட்டும். உள்ளே ஓடுகிற இயந்திரம் பலருக்கும் பழகியதாக இருக்க வேண்டும்.

ஜேர்மனியின் மைஸ்டர்சிங்கர் நிறுவனத்தை எடுங்கள். 2001இல் மூன்ஸ்டரில் தொடங்கியது. ஒரே முள், 12 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று. விளிம்பில் 144 கோடுகள், கோட்டுக்கு 5 நிமிடம். வயலுக்கும் குளக்கட்டுக்கும் இது தாராளம். கிளிநொச்சியில் யாழ்தேவி ரயிலை நிமிடக் கணக்கில் பிடிக்க வேறொன்றைப் பாருங்கள். இந்த வகையில் பல மொடல்களுக்குள் இருப்பது, சுவிஸ் செலிட்டா கம்பனி பலருக்கும் செய்து விற்கும் இயந்திரம். உதிரிப்பாகம் தேடிப்பிடிக்கலாம், திருத்துபவருக்கும் கை பழகியிருக்கும். நிறுவனம் தனக்கென்றே செய்த இயந்திரமானால், ஒரு பல்லுச்சில்லுக்காக முழு மணிக்கூடும் கடல் கடக்க வேண்டிவரும். காசு கொடுக்க முன் இயந்திரத்தின் இலக்கத்தைக் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

கையால் சாவி கொடுக்கும் வகையைக் கழற்றி வைத்தே முறுக்குங்கள். கட்டியபடி முறுக்கினால் பக்கத்துத் திருகின் தண்டு சரிந்து தேயும். இறுகியதும் நிறுத்துங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் திருகை வெளியே இழுக்க முன் மெல்லிய தூரிகையால் செம்மண்ணைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் புகாமல் தடுக்கும் றப்பர் வளையத்தை அந்தத் தூள் அரைத்துவிடும்.

தோல்பட்டி இங்கே சரிவராது. வியர்வையில் நூல் உக்கும், மணக்கும். நைலோன் பட்டி ஒரே துண்டாக அடியால் போவதால், பட்டியைப் பிடித்திருக்கும் ஊசிகளில் ஒன்று கழன்றாலும் மணிக்கூடு விழாது. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்கள் அந்த ஊசிகளை வருடத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது. உப்பு முதலில் தின்பது அவற்றைத்தான்.

திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் இயந்திரத்தைக் குறை சொல்ல முன் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் வைத்தாலே போதும், இயந்திரத்தின் ஓட்டத்தை அளவாக வைக்கும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திசைகாட்டியைக் கிட்டப் பிடித்தால் ஊசி ஆடும். காந்தம் நீக்கும் சிறிய கருவியில் பொத்தானை அழுத்தியபடி மணிக்கூட்டை மெதுவாக ஒரு கை தூரத்துக்கு விலக்கி, அதன் பிறகே பொத்தானை விடவேண்டும். கிட்ட வைத்தே விட்டால் காந்தம் திரும்ப ஏறும்.

தண்ணீர் தாங்கும் அளவு 5 பார் என்று எழுதியிருந்தாலும் கிணத்தடியில் கழற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் ஈரப் புகார் பிடித்தால் வெயிலில் வைக்கவோ அரிசிக்குள் புதைக்கவோ வேண்டாம். அன்றைக்கே பின்மூடியைத் திறப்பித்துக் காயவைத்து, வளையத்தைப் புதிதாகப் போடுவியுங்கள். பிந்தினால் உருக்குப் பாகங்களில் கறள் ஏறும்.