ஒம்போது பேரு, ஒரே ரூமு

(எங்க மாமா லைட் மியூசிக் ட்ரூப் வச்சிருக்காரு, கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடைன்னு இருபத்தஞ்சு வருசமா வண்டி ஓடுது. நான் இயர்போன மாட்டிக்கிட்டு தலைய ஆட்டிட்டு இருந்தேன், ஒரு பக்கத்த புடுங்கி அவரு காதுல சொருகிக்கிட்டாரு. அங்க ஆரம்பிச்சது.)

மாமா: என்னடா இது, பஞ்சாயத்துல வாய்தா கேக்குற மாதிரி ஒருத்தன் மாத்தி ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான். பாட்டு எப்ப வரும்?

நான்: இதான் மாமா பாட்டு. வூ-டாங் கிளான்னு ஒரு ராப் குரூப்பு. நியூயார்க்ல ஸ்டேட்டன் ஐலண்டு, ப்ரூக்ளின் பசங்க. 1993 நவம்பர்ல வந்த மொத ஆல்பம், என்டர் தி வூ-டாங் 36 சேம்பர்ஸ்.

மாமா: மொத்தம் எத்தன பேரு?

நான்: ஒம்போது பேரு. எல்லாருமே ராப்பர்.

மாமா: ஒம்போது பேருமா! ஏன்டா, நான் ரெண்டே ரெண்டு மேல் சிங்கர வச்சிக்கிட்டு பிரஷர் மாத்திரையோட சுத்துறேன். ஒம்போது மைக்குக்கு எங்க போனானுங்க?

நான்: மைக்க விடுங்க, ரூமே பத்தல. கையில காசில்லாம சின்ன ஸ்டூடியோவா பாத்து எடுத்து, ஒரே நேரத்துல எட்டு பேரு வரைக்கும் உள்ள நெருக்கிக்கிட்டு நிப்பாங்களாம்.

மாமா: ஏசி?

நான்: அது தெரியாது மாமா.

மாமா: அத மொதல்ல விசாரி. சரி, எந்தப் பாட்ட யாரு பாடுறதுன்னு எப்படி முடிவாகும்? எனக்கு அதான் தலவலியே.

நான்: ரிஸான்னு ஒருத்தரு, அவருதான் தலைவர், பீட்டு எல்லாம் அவரு கைவண்ணம். பீட்ட போட்டுட்டு பசங்கள மோதவிட்டுருவாரு, யாரு நல்லா அடிச்சு ஆடுறானோ அவனுக்கு அந்தப் பாட்டு. கடைசியா வந்து சேந்த மாஸ்டா கில்லாவுக்கு முழு ஆல்பத்துலயும் ஒரே ஒரு பாட்டுதான்.

மாமா: அவன் கோச்சுக்கிட்டு பஸ் ஏறலையா? போன மாசம் ஒரு குத்துப் பாட்டுக்கு ரெண்டு பேரும் வேன்லயே சட்டையப் புடிச்சிக்கிட்டு, கடைசில நம்ம டிரைவர் ஏறிப் பாடுனாரு தெரியுமா. கைதட்டலே அவருக்குத்தான்.

நான்: காசப் பத்தி ஒரு பாட்டு இருக்கு மாமா, க்ரீம்னு பேரு. பின்னாடி போற பியானோ 1967ல வந்த ஒரு பழைய சோல் பாட்டுல இருந்து வெட்டி எடுத்தது. அதுல ராப் பண்றது ரேக்வானும் இன்ஸ்பெக்டா டெக்கும்தான், மெத்தட் மேனுக்கு கோரஸ் மட்டும்.

மாமா: மிச்ச ஆறு பேரு?

நான்: சும்மா இருந்தாங்க.

மாமா: சம்பளத்தோடயா சும்மா இருந்தானுங்க?

நான்: அங்கதான் மாமா மேட்டரே இருக்கு. ரிஸாவும் அவரு சொந்தக்காரரு ஜிஸாவும் 1991லயே தனித்தனியா வேற வேற ரெக்கார்டு கம்பெனிக்கு பாட்டு பண்ணி, ஒண்ணும் ஓடாம திரும்பி வந்தவங்க. அந்தச் சூட்டுல, லவுட் ரெக்கார்ட்ஸ் கூப்பிட்டப்ப ஒரே கண்டிஷன்தான் போட்டாங்க, குரூப்பா உங்ககிட்ட இருக்கோம், ஆனா தனி ஆல்பத்துக்கு அவனவன் இஷ்டத்துக்கு எந்தக் கம்பெனிலயும் கையெழுத்து போடுவான்னு. மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்குப் போனாரு, ஜிஸா கெஃபனுக்குப் போனாரு.

மாமா: தலைவனே அனுப்பி வச்சானா? என் பேஸ் கிட்டார்காரன் பக்கத்து ட்ரூப்புல ஒரே ஒரு நாள் வாசிச்சான்னு ஒரு வருசம் அவன்கூட பேசல நான்!

நான்: ஆனா எங்க போனாலும் வூ-டாங் பேரோடதான மாமா போறான். பீட்டும் அப்ப பெரும்பாலும் ரிஸாதான் போட்டுக் குடுத்தாரு.

மாமா: (ரொம்ப நேரம் யோசிச்சு) ஊரெல்லாம் கிளை, ஆனா சால்னா மட்டும் ஒரே மாஸ்டரு. பரோட்டா கடை மூளடா இது!

நான்: 2022ல அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸே இந்த ஆல்பத்த பாதுகாக்க வேண்டிய லிஸ்ட்ல சேத்தாச்சு.

மாமா: அதென்ன 36 சேம்பரு?

நான்: பழைய ஷாலின் குங்ஃபூ சண்டப் படத்துல இருந்து வந்தது, அவங்களுக்கு அந்தப் படம்னா உசுரு. இன்னொரு கணக்கும் சொல்லுவாங்க, இதயத்துக்கு நாலு அறை, ஆளு ஒம்போது, பெருக்கிக்கோங்க.

மாமா: நம்ம ட்ரூப்புல பெருக்குனா எட்டுதான் வரும். நானும் டிரைவரும்.

நான்: அட்டையப் பாருங்க, எல்லாம் மூஞ்சிய மூடிட்டு நிக்கிறாங்களா? போட்டோவுக்கு எல்லாரும் வந்து சேரலையாம், அதான் முகமூடிய மாட்டி, மேனேஜரையும் நடுவுல நிறுத்தி ஒப்பேத்துனாங்கன்னு சொல்லுவாங்க.

மாமா: ச்சீ, இது மோசடில்ல! இத்தன பேருன்னு சொல்லிட்டு ஆள மாத்துறதா? தொழிலுக்குன்னு ஒரு தர்மம் வேணாம்?

(மாமா போன் அடிச்சது. 'என்னது... காய்ச்சலா... நாளைக்கு ரிசப்ஷன்டா... பார்ட்டிட்ட ஒம்போது பேருன்னு அட்வான்ஸ் வாங்கிட்டனேடா'ன்னு கத்திட்டு வச்சாரு. அப்புறம் என்னய மேலயும் கீழயும் ஒரு மாதிரி பாத்தாரு.)

மாமா: மாப்ள, நம்ம கீபோர்டு காரனும் உன் ஒசரந்தான?

நான்: மாமா, எனக்கு கீபோர்டு வாசிக்கத் தெரியாது!

மாமா: வாசிக்க யாருடா சொன்னது, ப்ளக்க நான் புடுங்கி விட்டுர்றேன். கொரோனாவுக்கு வாங்குன மாஸ்க்கு வீட்ல கிடக்கா, பெருசா?